வராந்தாவில் உட்கார்ந்த மேடம்

வீட்டு நர்ஸாக நான் பார்த்துக்கொண்ட கிழவியின் மகளை எல்லோரும் மேடம் என்றே கூப்பிடுவார்கள். கல்லூரியில் பி.பி.ஏ. மாணவர்களுக்குத் தலைமைப் பண்பும் படைப்பாற்றலும் கற்றுக்கொடுத்தார். அதற்கு முன் ஒரு சோப்புக் கம்பெனியில் விற்பனை மேலாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. படுக்கையில் கிடந்த அம்மாதான் தினமும் கேட்பாள்.

பாடத்துக்குப் புத்தகம் உண்டு. மேடம் அதைத் தொடமாட்டார். ஒரு பிரச்சினையைக் கொடுப்பார்: கேன்டீனில் வரிசை நீளுகிறது, காசு செலவழிக்காமல் குறைக்க வேண்டும். கொடுத்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். யார் தலைவர், என்ன வழி என்பதெல்லாம் பிள்ளைகள் பாடு. அவர்களாகக் கதவைத் திறந்து கூப்பிடும்வரை, உள்ளே அடிதடி நடந்தாலும் வரமாட்டார்.

“நான் உள்ள இருந்தா என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்தே பேசுவாங்க சிஸ்டர்” என்பார்.

வகுப்பைவிட்டு வெளியே அனுப்பிய பிள்ளை என்று முதல்வர் கிண்டலடித்தாராம். டீ மட்டும் வேண்டியவர்களுக்கு மாணவர்கள் கேன்டீனின் பின்ஜன்னலைத் திறந்துவிட்டு வரிசையைப் பாதியாக்கிய பிறகு வாயை மூடிக்கொண்டார்.

தம்பி என்று நாங்கள் கூப்பிட்டவன் அவருடைய பழைய மாணவன். மேடம்தான் சண்டை போட்டு அதே துறையில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் வந்து அம்மாவைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைப்பான். என் இடுப்புக்கு அது பெரிய உபகாரம்.

“பாட்டி, வெயிட் ஏறிட்டீங்க. இனிமே கிரேன்தான்.”

“போடா, உன் கையில சத்தில்ல.”

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு அந்த வகுப்பைப் பார்க்க வந்தது. பிடித்துவிட்டால் எல்லாக் கல்லூரிகளிலும் அதே முறை, உருவாக்கியவருக்கே பொறுப்பு. இன்றைக்கு மட்டும் உள்ளே இருங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“சர்க்கஸா காட்டப்போறேன்? தினமும் எப்படியோ அப்படித்தான்” என்றார். வந்தவர்களை வரவேற்கத் தம்பியை உள்ளே விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார்.

“இந்த முறையை நான் யோசிச்சப்ப...” என்று அவன் ஆரம்பித்தது கதவு வழியே நன்றாகக் கேட்டதாம். மேடம் எழுந்து கதவின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். அதற்குள் பிள்ளைகள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நடுவில் புகுந்தால் அவர்கள் வேலை கெடும் என்று கையை எடுத்துவிட்டார்.

கூப்பிட்டதும் உள்ளே போனார். “நீங்க?” என்று கேட்டார் குழுத்தலைவர்.

தம்பி முந்திக்கொண்டான். “எங்க சீனியர், சார். ரொம்ப சப்போர்ட்டு.”

வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. “நீங்களே அவருக்கு விட்டுக்குடுத்துட்டீங்கன்னு அந்த சார் முன்னாடியே எங்ககிட்ட சொன்னார் மேடம்” என்று மாணவத் தலைவி பிறகு வந்து அழுதாள். மேடம் முதல்வரிடம் போனார்.

“வெளியில உட்கார்ந்திருந்தவங்கதான் வகுப்பு நடத்தினாங்கன்னு நான் எப்படிம்மா எழுதுறது?” என்றார் அவர்.

பொறுப்பு தம்பிக்குப் போனது. மேடத்துக்குப் புள்ளியியல் பாடம் கொடுத்தார்கள்.

குழு வந்துபோன அன்று சாயங்காலமும் அவன் வந்தான். துணிச்சல்தான். மேடம் கூடத்திலேயே நிறுத்தினார்.

“ஏன்டா?”

“நீங்கதானக்கா சொல்வீங்க, தலைமையை யாரும் தூக்கிக் குடுக்க மாட்டாங்க, நாமதான் எடுத்துக்கணும்னு.”

“ஒரு வேலையை எடுத்துச் செய்யச் சொன்னேன். என்கிட்டேருந்து எடுக்கச் சொல்லல. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா.”

அவன் தலையைக் குனிந்தான். வெட்கமா, கடிகாரம் பார்த்தானா, தெரியவில்லை. உள்ளேயிருந்து அம்மா, “தம்பி வந்துட்டானா?” என்றாள். மேடம் வாசலைக் காட்டினார். போய்விட்டான்.

நானும் மேடமும் சேர்ந்து அம்மாவைத் தூக்கினோம். அவருக்குப் பழக்கமில்லை, முழங்காலை மடக்கச் சொன்னேன்.

“அவன் ஏன் வரல?” என்றாள் அம்மா.

“அவனுக்கு இப்ப கிளாஸ் அதிகம்மா” என்றார் மேடம். அப்புறம் முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. நான் அம்மாவுக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.