ஒரு உதை

புதுச்சேரியில் ஆழ்கடல் முக்குளிப்பு கற்ற முதல் மாதம், சொல்லிக்கொடுத்தவர் என் காலைத்தான் திட்டினார். "தண்ணிய அடிக்காதீங்க, தள்ளுங்க." உடம்பைப் பலகை போலப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மேலே தூக்கி, பக்கவாட்டில் மெதுவாகத் தள்ள வேண்டும். கீழ்நோக்கி உதைத்தால் தரையிலுள்ள மண் கிளம்பும், கண் தெரியாது.

விருத்தாசலத்தில் எங்கள் கிணற்று நீச்சல் நேர்மாறானது. யார் உதைக்கும் தண்ணீர் மேலே நிற்பவர்கள்மேல் தெறிக்கிறதோ அவர்தான் ஜெயித்தவர். பெரும்பாலும் என் தம்பிதான் ஜெயிப்பான்.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது பெஞ்சில் குப்புறப் படுத்துப் பழகுவேன். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அம்மா, "நல்லா நீஞ்சிக்கினு இருந்த புள்ள, காசு கட்டி தவக்கள மாதிரி நீஞ்சக் கத்துக்கினு வந்திருக்குது" என்பாள்.

தம்பி பீங்கான் பட்டறையில் மண் கரைக்கிற வேலையில் இருந்தான். போன மழைக்காலத்தில், மண் தோண்டிய பள்ளத்தில் குளிக்க இறங்கியவன் மேலே வரவில்லை. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நான் வந்து சேரும்போது மாலையாகிவிட்டது. தீயணைப்புக்காரர்கள் கொக்கி போட்டுத் தேடிச் சலித்திருந்தார்கள். அம்மா கரையில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்க்காமல் எழமாட்டேன் என்றாள்.

இறங்கினேன். உடம்பு சரியாகப் படுத்திருந்தது, கால் சரியாகத் தள்ளியது. அடியில் விளக்கு வெளிச்சத்தில் அவனுடைய நீலச் சட்டை தெரிந்தது. கைக்கு எட்டும் தூரம்தான். அந்த நொடியில் படித்ததெல்லாம் போய்விட்டது. கிணற்றில் உதைக்கிற மாதிரி ஒரே ஒரு உதை உதைத்தேன்.

வெள்ளை மண் பால்போலக் கிளம்பியது. என் கையே எனக்குத் தெரியவில்லை. காற்று தீரும்வரை துழாவினேன். மண்தான் கையில் வந்தது.

நான் மேலே வந்ததும் தம்பியோடு வேலை செய்தவர் தண்ணீரைப் பார்த்தார். "இந்த மண்ணு கலங்குனா நாளைக்குத்தாங்க தெளியும்" என்றார்.

அம்மா என் ஈரக் கையைப் பிடித்தாள். "பாத்தியாடா?"

"பாத்தேம்மா."

"அப்புறம் ஏன்டா வுட்டுட்டு வந்த?"

மறுநாள் காலையில்தான் அவனை எடுத்தார்கள். அதுவரை அம்மா எழவில்லை. அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்டதும் இல்லை. எப்போது கேட்பாளோ என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டுதான் ஊருக்குப் போகிறேன். தவக்களை மாதிரி நீந்த மறந்துவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்.