செத்தவருக்கு வைத்தியம்

லிஃப்ட் மெக்கானிக் தான் செத்துப்போன செய்தியை ஒருநாள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்து சொன்னார். "நான் செத்துட்டேன். இனிமே எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்காதே."

தையல் மெஷினில் இருந்த அவர் மனைவி தலை நிமிராமல், "சரி, அப்ப பேசாம கிடங்க," என்றாள். அவள்மேல் தப்பில்லை. அறுபதைத் தாண்டியும் வாய் ஓயாத மனுஷன் அவர். மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம், கதவுக்கு வெளியே நின்று ஊர்வம்பு பேசிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார். இதுவும் அவருடைய கிண்டல்களில் ஒன்று என்று நினைத்துவிட்டாள்.

கிண்டல் இல்லை. சோற்றைத் தொடவில்லை. செருப்பை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். ரொம்பக் கெஞ்சினால் மட்டும், "உங்க திருப்திக்கு," என்று ரெண்டு வாய் பால் குடித்தார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்ததும் தையற்காரி தைத்துக்கொண்டிருந்ததை ஓரம் வைத்தாள். நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

"செத்துட்டேன்னே சொல்றாரா?" என்று கேட்ட டாக்டரின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது."

கையில் ஊசி இருந்திருந்தால் குத்தியிருப்பாள்.

"மனச்சோர்வு முத்திப்போய் இப்படி இல்லாததை நம்புறவங்களுக்கு மின்சிகிச்சை நல்லாக் கேட்கும்மா. வயசானவங்களுக்கும் கேட்கும். ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆகாம இருந்தா இன்னும் நல்லது. இவருக்கு மூணுமே இருக்கு."

புருஷன் பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல அவள் வெளியே வந்தாள். நாத்தனாரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லவும் செய்தாள்.

ஆனால் கேட்கவில்லை. நாலு தடவை மயக்க மருந்து கொடுத்து மின்சாரம் வைத்தும், கண் விழித்த மெக்கானிக், "செத்தவனுக்கு எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்று மரியாதையாகவே கேட்டார். டாக்டர் தலையைச் சொறிந்தார். மின்சாரம் வெறும் சாவிதானாம். அது மூளைக்குள் ஒரு வலிப்பைக் கிளப்ப வேண்டும், அந்த வலிப்புதான் வைத்தியம். இவருக்கு அது வந்த சுருக்கில் அணைந்துபோகிறது. மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்தார், தலையில் வைக்கும் இடத்தை மாற்றிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை.

"வெளியிலேர்ந்து வேற மருந்து ஏதாவது குடுக்கிறீங்களா?"

"இல்லவே இல்லை," என்று தையற்காரியும் நாத்தனாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

குட்டை உடைத்தது செத்தவரேதான். "செத்தா நாக்கு கசக்கும் போலிருக்கு, டாக்டர். ஆனா பாலுக்கு மட்டுந்தான் கசக்குது. இவ குடுக்கிற பாலும் கசக்குது, அக்கா குடுக்கிற பாலும் கசக்குது."

டாக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"மருந்தெல்லாம் இல்லீங்க," என்றாள் தையற்காரி. "என்னோட தூக்க மாத்திரைல ஒண்ணு. ஷாக் வைக்கப்போறாங்களே, முந்தின ராத்திரியாவது நிம்மதியா தூங்கட்டும்னு."

"நீயும் போட்டியா?" என்றாள் நாத்தனார்.

"அந்த மாத்திரை வலிப்பை அடக்குறதும்மா," என்று டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் மேல ஏத்துறேன், நீங்க ரெண்டு பேரும் கீழ இறக்கிட்டு இருக்கீங்க."

தையற்காரி வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து அழுதாள். பாசம் என்று நினைத்துத் தன் கையாலேயே அவரைச் செத்தவராக வைத்திருந்திருக்கிறாள். நாத்தனார் வந்து பக்கத்தில் நின்று தானும் அழுதாள். அன்றைக்கு யாரும் யாரையும் குத்திக்காட்டவில்லை.

மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். அடுத்த தடவை வலிப்பு ஒழுங்காக வந்தது, அதற்கடுத்த தடவையும் வந்தது.  இன்னும் செத்துத்தான் இருக்கீங்களா என்று மெக்கானிக்கிடம் கேட்கத் தையற்காரிக்குப் பயம்.

அதற்கும் அடுத்த தடவை, கட்டிலைச் சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இதுவரை விறைப்பாகப் படுத்துக்கொண்டு போனவர், வாசலில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். 

"ஏய், மயக்கம் குடுத்து நான் எழுந்திருக்காமப் போயிட்டா? எனக்குப் பயமா இருக்குடி. செத்துகித்து வச்சிடப்போறேன்."

தையற்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"நான் பயந்து சாகுறேன், உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"பயப்படுங்க," என்று அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "நல்லாப் பயப்படுங்க. நான் இங்கேயேதான் நிக்கிறேன்."