இரண்டு தொட்டி ஒலிவ் மரங்கள்

டொராண்டோவில் நான் தங்கியிருக்கும் வீட்டின் மேசையில் இரண்டு கிண்ணங்கள் இருக்கின்றன. இரண்டிலும் உப்புநீரில் ஊறிய ஒலிவ் காய்கள். ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் மெட்ராஸிலிருந்து வந்த விருந்தாளியான நான். தோற்றவர் குளிர்காலம் முழுக்க வாசலில் பனி அள்ள வேண்டும். வெளியே முதல் பனி கொட்டத் தொடங்கிவிட்டது.

வீட்டுக்காரர் நிக்கோஸ் கிரேக்கர். கோடை முழுக்கத் தன் தொட்டி மரத்துக்குக் கஞ்சத்தனமாகத்தான் தண்ணீர் விட்டிருக்கிறார். அவருக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடிக் காய், அதுவும் சின்னச் சின்னதாய். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் சிவம் யாழ்ப்பாணத்தில் வெங்காயம் போட்டவர். மண் காய்ந்தால் அவருக்குப் பொறுக்காது. தன் தொட்டியை நாள் தவறாமல் நனைத்திருக்கிறார். அவர் கிண்ணம் பெரிய காய்களால் வழிகிறது.

"எண்ணிப் பாருங்கோ அண்ணை, வாயில வைக்கத் தேவையே இல்லை," என்று சொல்லி, மேசைக்கடியில் என் காலை மிதிக்கிறார் சிவம். காலையில் எனக்குப் புட்டு அவித்துப் போட்டவர் அவர்தான்.

கடிக்கிறேன். பெரியது உப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளரிக்காய். சிறியது கசக்கிறது, எண்ணெயாய்ப் பரவுகிறது, விழுங்கிய பிறகும் நாக்கை விடுவதில்லை.

"சின்னதுதான்," என்கிறேன்.

நிக்கோஸ் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். தன் கிண்ணத்தைப் பத்திரமாக மூடி வைத்துவிட்டு, சிவத்தினுடையதைப் பிடிபிடியாக அள்ளித் தின்கிறார்.

சிவம் கோபப்படவில்லை. "எப்ப அண்ணை போறியள்?"

"ஞாயிற்றுக்கிழமை."

"அப்ப ஞாயிறு வரைக்கும் நீங்கள் அள்ளுங்கோ," என்று பனி அள்ளும் ஷவலை என் கையில் தருகிறார்.