விளக்கில் வைத்த பொட்டு

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் அப்பா கார் ஓட்டினார். ஓட்டினார் என்பதைவிடக் காரைப் பார்த்துக்கொண்டார் என்று சொல்வதுதான் சரி. முதலாளி சென்னையில் இருந்தார். கார் மலைமேல் இருந்தது. ஏதோ குளிர் நாட்டிலிருந்து கப்பலில் வந்த கார் என்பதால் அதன் ஷெட்டுக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். ஷெட்டை ஒட்டியிருந்த எங்கள் வீடு மட்டும் மழை வந்தால் ஒழுகி, பாத்திரம் பாத்திரமாகக் கேட்கும். கார் நனையக் கூடாது, நாங்கள் நனையலாம் என்பது எஸ்டேட்டின் கணக்கு.

அந்தக் காரில் ஊரே வேடிக்கை பார்த்தது ஹெட்லைட் வைப்பரைத்தான். முன்கண்ணாடிக்கு இருப்பது போலவே, ஒவ்வொரு லைட்டுக்கும் விரல் நீளத்தில் ஒரு குட்டி வைப்பர். முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் பட்டனை அழுத்தினால் லைட்டுகளின் மேலும் தண்ணீர் பீய்ச்சும். இரண்டு வைப்பர்களும் போய்ப் போய் வந்து, பழையபடி ஓரத்தில் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், "ஏனுங்க, இன்னொருக்கா போட்டுக் காட்டுங்க" என்று கெஞ்சுவார்கள். அப்பா மசிய மாட்டார். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடினால் கீறல் விழும், கீறல் விழுந்தால் வெளிச்சம் சிதறும் என்பார்.

அது வந்த நாட்டில் லைட்டின்மேல் பனிக்கட்டி படியுமாம். இங்கே செம்மண் சேறு. லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனாலே லைட் இரண்டும் குருடாகிவிடும். "முன்னால கண்ணாடியத் தொடைச்சா நமக்கு ரோடு தெரியும் கண்ணு. லைட்டத் தொடைச்சாத்தான் எதுக்க வர்றவனுக்கு நாம தெரிவோம்" என்று அப்பா சொல்வார். மூடுபனியில் வளைவுக்கு வளைவு வண்டி இறக்குகிறவருக்கு அது பெரிய விஷயம்.

அந்த வைப்பர்களுக்கு அவர் செய்த பணிவிடை கொஞ்சநஞ்சமல்ல. ரப்பர் இறுகிப்போனால் மாற்று ரப்பர் சேலத்தில் கிடைக்காது. லாரி வைப்பரின் ரப்பரை பிளேடால் சீவிச் சீவி அளவுக்குக் கொண்டுவருவார். தண்ணீர் வரும் துளையில் மண் அடைத்தால் ஊக்கு முனையால் குத்திவிடுவார். ஒரு நாள் அவர் ரப்பரை ஈரத்துணியால் நீவிக்கொண்டிருந்தபோது, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்மா சொன்னாள்: "காரு கண்ணத் தொடைக்கக்கூட ஆளிருக்குது. இந்த ஊட்டுல எங் கண்ணத் தொடைக்கத்தான் யாருமில்ல." அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா நன்றாகத் தமாஷ் பேசுவாள் என்பது எங்கள் இருவரின் எண்ணம்.

அந்தக் கோடையில் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு சேலத்திலிருந்த பிறந்த வீட்டுக்குப் போனாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் என்னை விட்டுவிட்டுப் போனாள் என்று சொன்னார்கள். பள்ளிக்கூடம் அப்போது லீவு. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா சமவெளிக்காரி. மதியமே இருட்டிக்கொண்டு வரும் பனியும், கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லாத அந்த இடமும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கூலிக்காரர்களின் வீடுகள் பள்ளத்தில் இருந்தன. அங்கே பிள்ளைகள் விளையாடும் சத்தம் மேலே கேட்கும். ஆட்கள் தெரிய மாட்டார்கள். அம்மா போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்தது வைத்தபடியே இருக்கும். அது எனக்குப் பயமாக இருந்தது. அதனால் எஸ்டேட் கேட்டுக்கு அருகே இருந்த தண்ணீர்க் குழாய் மேடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்து பார்த்தால் ரோட்டின் கடைசி வளைவு தெரியும். வெளியே போன நாட்களில், அந்த வளைவில் திரும்பியதும் அப்பா பட்டனை அழுத்துவார். பனிக்குள் இரண்டு லைட்டும் கண் சிமிட்டும். வேறு எந்த வண்டியாலும் அப்படிச் சிமிட்ட முடியாது. நான் எழுந்து கையை ஆட்டுவேன். நாளெல்லாம் பேசாமல் இருந்த எனக்கு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அம்மாதான். பானெட் மூடிமேல் வைத்தால் போதும், லைட் கண்ணாடியில் வைத்தால் காய்ந்த சந்தனம் ரப்பரைத் தின்றுவிடும் என்று அப்பா சொல்லிப் பார்ப்பார். கண்ணில் பொட்டு இல்லாமல் என்ன பூஜை என்று அம்மா நடுவிலேதான் வைப்பாள். மறுநாள் வண்டி எடுக்குமுன் அப்பா ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்துவிடுவார். அந்த வருஷம் நான் வைத்தேன். அம்மா வைக்கும் அதே இடத்தில், அம்மா வைக்கும் அதே அளவில் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள், போனால் அம்மா வந்துவிடுவாள் என்று அப்பா சொன்னார். நல்ல நாள், காரிலேயே போய்க் கூட்டிவா என்று மேனேஜரும் சொல்லியிருந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஈரத்துணியோடு லைட்டுக்கு முன்னால் குனிந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தொடைக்காதீங்கப்பா. நான் வெச்சத அம்மா பாக்க வேணுமுங்க."

அப்பா துணியை முன் சீட்டில் போட்டார். "செரி சாமி. உங்கம்மா பாக்கற வரைக்கும் தொடைக்கல."

"பட்டனையும் அமுக்கக் கூடாதுங்க."

"அமுக்க மாட்டேன்."

அவர் போனதும் வீட்டைக் கூட்டினேன். அம்மாவின் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தேன். தம்பியின் குட்டி டம்ளரையும் அதன் பக்கத்தில் வைத்தேன். பிறகு குழாய் மேடைக்குப் போய்விட்டேன். மழை தூறியது. பள்ளத்தில் விளையாடிய பிள்ளைகளை அவரவர் அம்மாக்கள் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். பனி ஏறி, காப்பிச் செடிகளை மறைத்து, கேட்டையும் மறைக்கத் தொடங்கியது.

வளைவில் வெளிச்சம் வந்தது. அழுக்கு மஞ்சளாக, நடுவில் இருட்டடித்த வெளிச்சம். பொட்டு இன்னும் இருக்கிறது, அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார் என்று தெரிந்தது. அப்போது அந்த லைட்டுகள் சிமிட்டின. முதலில் செக்கச் செவேலென்று கலங்கி, மறுபடி சிமிட்டி, இன்னொரு முறை சிமிட்டி, கடைசியில் பளிச்சென்று வெள்ளையாக என்னைப் பார்த்தன. துடைத்தாயிற்று! அப்படியானால் அம்மா பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டாள் என்றால் வந்துவிட்டாள். நான் கத்திக்கொண்டே ஓடினேன்.

பின் சீட்டில் யாரும் இல்லை. முன் சீட்டில் அந்தத் துணி கிடந்தது. அழுத்தினால் பொட்டும் அழிந்துவிடும் என்று பட்டனைத் தொடாமல், அடிவாரம் வரைக்கும் வண்டியை நிறுத்தி இறங்கி இறங்கி முன்கண்ணாடியைக் கையால் துடைத்துக்கொண்டே போயிருக்கிறார். துணி முழுக்கச் சேறு. வெள்ளைச் சட்டையின் கையிலும் சேறு.

"அம்மா பாக்கலீங்களாப்பா?"

"பாத்தா கண்ணு. வாசலுக்கு வந்து பாத்தா."

"என்ன சொல்லுச்சுங்க?"

அப்பா இறங்கி லைட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். வைப்பரைத் தூக்கி, குங்குமம் ஏறிச் சிவந்திருந்த ரப்பரை விரலால் தடவினார்.

"பொண்ணு நொம்ப வட்டமா வெச்சிருக்குதுன்னு சொன்னா."

அவள் அப்படிச் சொன்னாளா, அப்பாவாகச் சொன்னாரா என்று பின்னாளில் இருவரிடமும் நான் கேட்டதில்லை. பார்த்த பிறகும் ஒருவர் வராமல் இருக்கலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. வெறுங்கையோடு வந்தவர், குழாய் மேடையில் காத்திருந்தவளுக்குக் கொடுக்க வேறெதுவும் இல்லாமல்தான் அந்தப் பட்டனை அழுத்தினார் என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா என் பொட்டைப் பார்த்தாள், அது வட்டமாக இருந்தது என்பதுதான். அது போதாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் இன்னும் வட்டமாக வைத்துவிட்டால் கட்டாயம் வந்துவிடுவாள் என்று முடிவு செய்து, அடுப்படியில் உட்கார்ந்து, கவிழ்த்து வைத்திருந்த அவள் தட்டின்மேல் ஈர விரலால் வட்டம் போட்டுப் பழகினேன்.