சாமி உத்தரவு கொடுத்த வேட்பாளர்

கோலா கெத்தில் ஊரில், சாலையோர ஒட்டுக்கடையில் கூலிம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். ஈரானில் தேர்தல் அமோகமாக நடந்ததாம். கடை வானொலி சொல்கிறது. யார் நிற்கலாம் என்று மதகுருமார்கள் முதலிலேயே சலித்துவிடுகிறார்கள். சல்லடையில் மிஞ்சியதை மக்கள் ‘தேர்ந்தெடுக்கிறார்கள்’. இதற்கு மக்களாட்சி என்று பெயர் வேறு. எனக்குச் சிரிப்பு வருகிறது.

எதிரே நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருக்கும் ரப்பர் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி சிரிக்கவில்லை.

“எங்க தோட்டத்துக் கோயில்லயும் இன்னிக்குத் தலைவர் தேர்தல்தான்ணே. நானும் நின்னேன். பூசாரி பூக்கட்டிப் பாத்தாரு. சாமி எனக்கு உத்தரவு கொடுக்கலையாம்.”

“யாருக்குக் கொடுத்துச்சு?”

“பூசாரி மச்சானுக்கு. அவரு ஒரே ஆளுதான் லா.”

“அப்புறம் எதுக்கு ஓட்டு?”

“சனங்க ஒத்துக்கணும்ல? ‘சம்மதம்னா கையத் தூக்குங்க’ன்னு சொல்லிக்கிட்டே சூடத்தக் காட்டுனாரு. எல்லாரும் தலைக்கு மேல கையத் தூக்கிக் கும்பிட்டோம். ஏகமனதுன்னு முடிச்சிட்டாரு.”

“நீங்களுமா தூக்குனீங்க?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“சூடம் எரியுதுண்ணே. சாமி முன்னாடி கையக் கட்டிக்கிட்டா நிப்பாங்க?”