பங்காளி வண்டி

விமான நிலையக் கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை நீட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுவார்: "ஏம்மா, இது உங்க வண்டியா, பங்காளி வண்டியா?" வேலைக்குப் புதிதாக வந்த பெண்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பழகியவர்கள் சிரித்துக்கொண்டே அவருடைய உறுப்பினர் எண்ணைத் தட்டுவார்கள். தட்டிய எண் சரிதானா என்று எட்டிப் பார்த்த பிறகே பெட்டியைத் தூக்கி எடை பார்க்க வைப்பார்.

மனிதர் லிஃப்ட் மெக்கானிக். எந்த நாட்டில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் கம்பெனி இவரைத்தான் விமானத்தில் ஏற்றி அனுப்புகிறது. டிக்கெட் கம்பெனி கணக்கு. பறந்த தூரத்துக்கு விமான நிறுவனம் எழுதித் தரும் மைல் இவர் கணக்கு. மைல் நிறையச் சேர்ந்தால் அதைக் கொடுத்தே டிக்கெட் வாங்கலாம். அதனால் ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் இவர் 'மைலு'. நேராகப் போனால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரக்கூடிய ஊருக்கு, கூடுதல் மைலுக்காக இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, மறுநாள் காலையில் வீங்கின காலோடு போய் நிற்பார். சுற்றுவழி மலிவு என்பதால் கம்பெனியும் கண்டுகொள்வதில்லை. "சும்மா கெடைக்கிறத யாராவது விடுவாங்களா?" என்பார். சும்மாவா கிடைக்கிறது? அவர் இடுப்பைக் கேட்டால் தெரியும்.

டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். வந்து நிற்கிற விமானம் அதன் கூட்டாளியுடையதாக இருக்கும். கடைப் பலகை ஒருவருடையது, உள்ளே அடுப்பு எரிப்பது வேறொருவர் என்கிற கதைதான். அப்போது மைலை யாரிடம் எழுதச் சொல்வது என்பதில் இருக்கிறது சூட்சுமம். எண்ணை மாற்றிக் கொடுத்தால் போனது போனதுதான். ஒரு கணக்கில் விழுந்ததை இன்னொன்றுக்கு நகர்த்த முடியாது. ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் பிடித்து உட்காரவைத்து இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார்.

இவ்வளவு பறந்தவரின் மனைவி இதுவரை விமானத்துக்குள் கால் வைத்ததில்லை. இப்போது வைத்தே ஆக வேண்டும். கடல் தாண்டி இருக்கும் மகள் நிறைமாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. இப்போதைக்குக் கரை ஏற முடியாது. விசா வந்துவிட்டது. நேராகப் போகும் விமானத்தில் மைலுக்கு ஓர் இருக்கையை இன்று சாயங்காலம் வரை பிடித்துவைத்திருக்கிறார்கள். போன மாதப் பயணத்தின் மைல் வந்து விழுந்தால் கணக்குச் சரியாகிவிடும். விழவில்லை.

ஏன் என்பது இன்று மதியம், வேறோர் ஊருக்கு வேலையாகக் கிளம்பி, விமானம் ஏறும் வாசலில் காத்திருந்தபோது தெரிந்தது. விமான நிறுவனத்துக்குப் போன் போட்டு விசாரித்தார். அவரிடம் இரண்டு நிறுவனங்களின் உறுப்பினர் அட்டைகள் உண்டு. போன மாதம் தூக்கக் கலக்கத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை நீட்டியிருக்கிறார். ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர்! தலையில் அடித்துக்கொண்டார். காசு கொடுத்து வாங்கலாமென்றால், கடைசி நேர விலையைப் பார்த்தாலே கண்ணைக் கட்டியது.

போனை வைப்பதற்குள் மனைவி அழைத்தாள்.

"என்னங்க, அவள ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாம். பிரஷர் எறங்கவே மாட்டேங்குதாம். கொழந்தைய எப்ப வேணா எடுத்துருவோம்னு டாக்டர் சொல்லிட்டாராம். டிக்கெட் போட்டாச்சா?"

அவர் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க, உங்களத்தான்!"

"நம்பர மாத்திக் குடுத்துட்டேன்டி. மைலு பத்தல."

இங்கே இவருடைய விமானத்தில் ஏறச் சொல்லி அறிவித்தார்கள். வரிசை எழுந்து நின்றது.

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. பங்காளி வண்டில சுத்திப் போகணும். அதுக்கு மைலு கம்மி, இருக்கறது போதும். ஆனா ரெண்டு எடத்துல எறங்கி மாறணும். ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தன் வண்டி. தனியா நீ எப்படி... வேணாம், நான் வேற ஏதாவது பாக்கறேன்."

"அது எப்ப கெளம்புது?"

"நாளைக்குக் காலைல."

"போடுங்க."

"பாஷை தெரியாது, எங்கயாவது தொலஞ்சு போயிடுவடி!"

"வாய் இருக்குல்ல, கேட்டுக்கிறேன். உங்களத் திட்டறதுக்கு மட்டுமா ஆண்டவன் எனக்கு வாயக் குடுத்தான்? அங்க எம்பொண்ணு ஒத்தையில கெடக்குறா. போடுங்க."

வரிசை கரைந்துகொண்டே வந்தது. அவர் பெயரை அடித்தார், பிறந்த தேதியை அடித்தார், பாஸ்போர்ட் எண்ணைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "சார், கதவ மூடப் போறோம்" என்றாள் வாசலில் நின்ற பெண். "ஒரே நிமிஷம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று கெஞ்சினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கம் மாறி, டிக்கெட் உறுதி என்று வந்தது.

இத்தனை வருடம் சேர்த்தது ஒரே அமுக்கலில் காலி. அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளை நினைத்துத்தான் பயம். கட்டினது லிஃப்ட் மெக்கானிக்கை. லிஃப்டில் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொள்கிறவள் அவள்.

ஓடிப் போய் இருக்கையில் விழுந்தார். மூச்சு வாங்கியது. இடது கையில் போனைப் பிடித்து, மனைவிக்கு அனுப்ப வீடியோ எடுக்கத் தொடங்கினார். வலது கையால் இருக்கைப் பட்டையின் முனையை எடுத்து, சத்தம் கேட்கும்படி மெதுவாகச் செருகினார். "இப்படி மாட்டணும்." மூடியைத் தூக்கினார். "இப்படிக் கழட்டணும். அவ்வளவுதான், பயப்படாத." பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பணிப்பெண் வந்து போனை அணைக்கச் சொன்னாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, விரல் மறைத்திருக்குமோ என்ற சந்தேகத்தில், பட்டையை இன்னும் மெதுவாக மறுபடியும் மாட்டிக் காட்டத் தொடங்கினார்.