ஆடிப்பெருக்கில் ஓடாத காலண்டர்

செல்போன் கம்பெனிக்காரன்களைப் போல ஒரு கேடுகெட்ட கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பட்டாசு லோடு ஏற்ற வந்த லாரிக்காரனோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். தண்ணி கலந்த பசையை விற்றவனைக் கடைத்தெருவில் வைத்துக் கேட்டிருக்கிறேன். அவர்களெல்லாம் மனிதர்கள். முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை திட்டலாம். இவன்கள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, நேற்று வரை ஓடியதை இன்று ஓடாது என்பான்கள். யாரைப் போய்த் திட்டுவது?

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரிக் காட்டில் மிளகாய் பறித்துக் கிடந்தவன் நான். சிவகாசிக்கு வந்து அச்சாபீசில் பேப்பர்க் கட்டு சுமந்தேன், ஆப்செட் மிஷின் ஓட்டினேன், கம்ப்யூட்டரில் பட்டாசு லேபிள் போட்டேன். அங்கிருந்து செல்போனுக்குப் புரோகிராம் எழுதப் போனேன். ஒருத்தர் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தெரியாத இங்கிலீஷை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பிடித்தேன். இன்று விருதுநகரில் என் ஆபீசில் இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள் வேலை பார்க்கின்றன. பெருமைக்குச் சொல்கிறானா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு பட்டன் போன் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஜாவா என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் ஒரு தடவை எழுதினால் எல்லாப் போனிலும் ஓடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தான். வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. ஒரு போனின் ஸ்கிரீன் தீப்பெட்டி அளவு, இன்னொன்று சீட்டுக்கட்டு அளவு. புரோகிராமுக்குள் இடது பட்டனுக்கு ஒரு கம்பெனிக்காரன் ஒரு நம்பர் வைத்திருப்பான், அடுத்தவன் வேண்டுமென்றே வேறு நம்பர் வைப்பான். நான் அச்சாபீஸ்காரன், சைஸ் தெரியாமல் கை வைக்க மாட்டேன். ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு பிளேட் போடுகிற மாதிரி ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாகப் போட்டேன். அப்படிப் போட்டும், திறக்கும்போதெல்லாம் போன் ஒரு கேள்வி கேட்கும்: இது நம்பத்தகாத புரோகிராம், திறக்கவா? ராத்தூக்கம் கெட்டு நான் செய்தது, நான் வாங்கிய போன், அதில் நின்றுகொண்டு என்னையே நம்பத்தகாதவன் என்கிறது. அந்தக் கேள்வி வராமல் இருக்க எவனிடமோ சர்ட்டிபிகேட் வாங்க வேண்டுமாம். தூ என்றிருந்தது.

அப்படிச் செய்ததுதான் தினசரிக் காலண்டர். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், திதி, நட்சத்திரம் எல்லாம் போனுக்குள். போனில் தமிழ் எழுத்தே கிடையாது. ஒவ்வொரு எழுத்தையும் சின்னப் படமாக வரைந்து, அச்சுக் கோர்க்கிற மாதிரி புரோகிராமைக் கோர்க்க வைத்தேன். எங்கள் ஜில்லாவில் எனக்கு முன்னால் இதை எவனும் செய்ததில்லை. செய்ததாக எவனாவது சொன்னால் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

நான் அப்போது மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த காலண்டர் கம்பெனியின் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருடைய பட்டன் போனிலேயே ஏற்றினேன். ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

“ஏலே, இது நல்லா இருக்கே! காலண்டர் வாங்குற கடைக்காரக பேரைப் போட்டு, அவுக வாடிக்கைக்காரகளுக்குக் குடுக்கலாம்ல?”

“அதுக்குத்தான் அண்ணாச்சி கொண்டாந்தேன்.”

எங்கள் ஊரில் ஆடிப்பதினெட்டு அன்றுதான் அடுத்த வருசக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். வரப்போகிற காலண்டர் படங்களை எல்லாம் சேர்த்துக் கட்டியதுதான் ஆல்பம். அதைத் தூக்கிக்கொண்டுதான் வெளியூர் ஏஜெண்டுகள் ஆர்டர் எடுக்கப் போவார்கள். செல்போன் காலண்டருக்கு ஒரு பக்கம் அச்சடித்துத் தயாராக வைத்துக்கொள்வது, பூஜை அன்று முதலாளி தன் கையால் போனில் திறந்து பார்ப்பது, அதன் பிறகு அந்தப் பக்கத்தை ஆல்பத்தில் சேர்ப்பது என்று பேச்சு.

நான் அதை நம்பி மிஷின் வேலையை விட்டுவிட்டேன். மிஷின் செக்‌ஷன் போர்மேன் என் மனைவியின் அண்ணன்.

“மாப்ளே, மிஷினைக் கழுவிட்டுப் போற ஆளு திரும்பி வரப்பிடாது. வந்தீகன்னா நான் சிரிப்பேன், இப்பமே சொல்லிட்டேன்” என்றார்.

“நீங்க சிரிக்குறதுக்கு வேற ஆளைப் பாருங்க மச்சான்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆல்பத்தில் அந்தப் பக்கம் ஏறினால் நான் சொந்தக் கம்பெனிக்காரன். ஏறாவிட்டால் மறுபடி அவருக்குக் கீழே, மை பூசின கையோடு நிற்க வேண்டும்.

ஆடிப்பதினெட்டும் வந்தது. வாழைமரம், சந்தனம், குங்குமம். ஏஜெண்டுகள் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முதலாளிக்கு அன்று எல்லாம் புதுசு. வேட்டி, சட்டை, பேனா, செருப்பு, அத்தனையும். வருசா வருசம் அப்படித்தான். பூஜை முடிந்து திருநீறு வைத்துக்கொண்டவர், “எங்கப்பா நம்ம காலண்டர்? ஏத்து பாப்போம்” என்று மடியிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

கண்ணாடிச் சில்லு மாதிரி தட்டையாக ஒரு சாமான். பட்டனே இல்லை. மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம். நல்ல நாள் பார்த்து அன்று காலையில்தான் திறந்தாராம்.

“அண்ணாச்சி, அந்தப் பழைய போனு?”

“இன்னைக்குப் போயி பழசைத் தொடுவனாடே?”

கையில் வாங்கிப் பார்த்தேன். ஜாவா கிடையாது. ப்ளூடூத்தில் அனுப்பினால் வாங்காது. அதற்குப் புரோகிராம் எழுத, அந்தப் போன் கம்பெனிக்காரன் விற்கிற கம்ப்யூட்டரைத்தான் வாங்க வேண்டும். எழுதிய பிறகும் அதை அவனுக்கு அனுப்பி, அவன் பார்த்து, போனால் போகிறது என்று விட்டால்தான் போனுக்குள் போகும். இத்தனை ஆணவத்தையும் வழவழவென்று தேய்த்து விற்கிறான். அதைத் தடவிக்கொண்டு இவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

“இதுல ஓடாது அண்ணாச்சி.”

முதலாளி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“நல்ல நாளும் அதுவுமா, முதமுதல்ல திறக்குறப்ப ஓடாதுங்கியே?”

“போன்தான் வேற அண்ணாச்சி. காலண்டர்ல ஒரு கொறையும் இல்ல.”

திண்டுக்கல் ஏஜெண்டு ஒருவர் எனக்குப் பரிந்து, “எம் போன்ல போடுங்கண்ணே, பாப்போம்” என்றார். பட்டன் போன். ஏற்றினேன். ஜம்மென்று ஓடியது. பக்கத்தில் இருந்தவர் கேட்டார், அவருக்கும் போனது. நான் கொடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் ஒரு கையில் அப்பளம், ஒரு கையில் போன் என்று அவர்களுக்குள்ளேயே ப்ளூடூத்தில் அனுப்பிக்கொண்டார்கள். “ராகு காலம் கரெக்டா இருக்குய்யா” என்று பாராட்டு வேறு.

நான் முதலாளியிடம் போய், “பாத்தீகளா அண்ணாச்சி, எல்லார்கிட்டயும் ஓடுது. அந்தப் பக்கத்தைச் சேர்த்துருவோம்” என்றேன்.

“ஓடட்டும்ப்பா. சாமி முன்னாடி எங் கையில ஓடலைல்ல. தடங்கல் பட்டதை ஆல்பத்துல சேர்த்தா வருசம் பூராம் உறுத்தும். அடுத்த வருசம் பாப்போம்.”

அப்பளம், பாயசம் எல்லாம் முடிந்து ஏஜெண்டுகள் வேனில் ஏறினார்கள். ஆல்பத்தைக் கையிலும், என் காலண்டரைப் பையிலும் வைத்துக்கொண்டு போனார்கள். அச்சடித்த பக்கங்களைக் கட்டுப் போட்டு கழிவுப் பேப்பரோடு வைத்தார்கள். மச்சான் என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை. அன்று மட்டும் அந்த மனுசன் சிரித்திருந்தால் தேவலாம்.

திங்கட்கிழமை மிஷினுக்குப் போனேன். போனேன் என்று எழுதவே கை கூசுகிறது. சீசன் முழுக்க நின்று காலண்டர் அட்டைதான் அடித்தேன். தீபாவளி முடிந்த சமயம் திண்டுக்கல்காரர் கூப்பிட்டார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

“அண்ணே, நானும் புதுப்போனு வாங்கிட்டேன், தொடுறது. உங்க காலண்டரைக் காணோமே? கொஞ்சம் இதுல ஏத்திக் குடுங்களேன்.”

“என்ன போனுண்ணே?”

சொன்னார். முதலாளியிடம் இருந்த போனும் இல்லை, வேறொரு கம்பெனி, வேறொரு முறை.

“அதுக்கும் தனியாத்தான் எழுதணும்ண்ணே” என்றேன்.

“பொறவென்ன, எழுதிருங்க!” என்று சிரித்தார் அவர்.

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். மச்சான் அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். அடுத்த கலருக்காக, பழைய மை போக மிஷினைக் கழுவ ஆரம்பித்தேன்.